விதைநெல்லின் சூடு

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பள்ளிப் பாடநூலில் பொருள்களில் ஏற்படும் மாற்றங்கள் ஒரு பாடமாகவும், உயிருள்ளவற்றின் பண்புகள் வேறொரு பாடமாகவும் அமைந்துள்ளன. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, உயிர் வாழ்வதே இடையறாத வேதியியல் மாற்றத்தால்தான் என்பது தெரியாமலே போய்விடுகிறது. காவிரிப் படுகையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறை வரவே கூடாது.

அறுவடை நெல்லைக் களத்தில் காயவைக்கும்போது நீர் ஆவியாகிறது, நெல் நெல்லாகவே இருக்கிறது. இது இயற்பியல் மாற்றம். குறுவைக்கு முளைகட்டும் விதைநெல்லின் நிலை வேறு. ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடிய மூட்டைக்குள் மறுநாள் கையை விட்டால் சூடு தெரியும். வெளியிலிருந்து யாரும் அதைச் சூடேற்றவில்லை. ஈரம் பட்டு விழித்த கருவின் தூண்டுதலால் சுரக்கும் நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அச்சர்க்கரை ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகையில் வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி முளையை வளர்க்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. இந்த வினையே சுவாசம். அந்த வெப்பம் மிகுந்தால் முளை கெட்டுவிடும் என்று மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் தெளிக்கும் விவசாயி, சுவாசத்தின் வெப்பத்தைத்தான் தணிக்கிறார். 1780களில் பிரெஞ்சு அறிவியலாளர்களான லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினி எலியின் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியை அளந்து, சுவாசித்தல் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இனி, அவித்துக் காயவைத்த நெல்லைப் பாருங்கள். வடிவில் விதைநெல்லைப் போலவே இருந்தாலும், கொதிநீரின் வெப்பத்தில் அதன் நொதிகள் சிதைந்துவிட்டன, கருவும் இறந்துவிட்டது. மீண்டும் ஊறவைத்தால் உப்புமே தவிர முளைக்காது. உலர்ந்த விதைநெல்லோ வளர்ச்சியோ அசைவோ காட்டாவிட்டாலும், மிகமிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பண்புகளை மட்டும் எண்ணி உயிரைத் தீர்மானிக்க இயலாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முளைவிடும் நெல்லை ஒரு புட்டியிலும், ஊறிய அவித்த நெல்லை மற்றொன்றிலும் இட்டு, இரண்டினுள்ளும் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிநீர் வைத்து இறுக மூடுங்கள். முதற்புட்டியில் தெளிநீர் பால்போல் வெளுக்கும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உருவாவதே அதற்குக் காரணம். சோதனையை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். தாமதித்தால் அவித்த நெல்லில் பெருகும் நுண்ணுயிர்களும் சுவாசித்து, அந்தத் தெளிநீரையும் வெளுக்கச் செய்துவிடும்.