மயங்கி விழுந்ததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மயங்கி விழுவதைக் குறிக்க ஃபெயின்ட், பாஸ் அவுட், பிளாக் அவுட் என்று பல சொற்கள் இருக்கின்றனவே, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிப் பயன்படுத்தக் கூடாது. நினைவு எப்படித் தவறியது என்பதைப் பொறுத்துச் சொல்லும் மாறும்.

வெயிலில் நெடுநேரம் நின்றோ இரத்தத்தைப் பார்த்தோ ஒருவர் சட்டென்று சரிந்து, சிறிது நேரத்தில் கண் விழித்துவிட்டால், ‘ஷி ஃபெயின்ட்டட்’ என்பதே பொருத்தம். ‘பாஸ் அவுட்’ இதற்கும் வரும். வலி தாங்காமலோ மிதமிஞ்சிக் குடித்தோ நினைவிழப்பதற்கும் வரும். நம்மில் பலர் தடுமாறும் இடமும் இதுதான். கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்வதாக எண்ணி ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று நாம் சொன்னால், அமெரிக்கர் ஒருவர் அதை 2019இல் மயங்கி விழுந்ததாகவே புரிந்துகொள்வார். பிரிட்டனில் இராணுவப் பயிற்சியை முடிப்பதற்கு இந்தத் தொடர் வழங்குகிறது என்றாலும், கல்லூரிக்கு ‘கிராஜுவேட்டட்’ என்றே சொல்லுங்கள். ‘பாஸ்டு அவே’ என்றால் இறந்துவிட்டார் என்று பொருள் என்பதால், அந்த ஒரு சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும்.

‘பிளாக் அவுட்’ என்பது கண் இருட்டி நினைவு தவறுவது. ஆனால் குடித்தவர் விழித்திருந்து, நடந்து, பேசியும்கூட, மறுநாள் அவற்றில் எதுவும் நினைவில் இல்லாமற்போவதையும் அதே சொல்லால்தான் குறிப்பிடுவார்கள்.

அடிபட்டு அசைவற்றுக் கிடப்பவரை ‘ஹி வாஸ் அவுட் கோல்ட்’ என்பார்கள். குத்துச்சண்டையில் விழுந்தவர் நடுவர் 10 எண்ணி முடிப்பதற்குள் எழாவிட்டால் தோற்றவராவார். அதிலிருந்து வந்த ‘அவுட் ஃபார் த கவுன்ட்’ இன்று ஆழ்ந்து உறங்குபவருக்கும் பொருந்துகிறது. ‘டெட் டு த வேர்ல்ட்’ பெரும்பாலும் உறக்கத்தையே, அதாவது அடித்துப் போட்டது போலத் தூங்குவதையே குறிக்கும். ‘டெட்’ என்று கேட்டவுடன் பதற வேண்டாம்.

மயக்கம் தெளிவதற்கு ‘கம் டு’ என்பது அழகான தொடர். ‘வென் ஐ கேம் டு, ஐ வாஸ் ஆன் த ஃப்ளோர்’ என்னும்போது ‘டு’வை அழுத்தி, அங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ‘கேம் ரவுண்ட்’ என்றும் சொல்வார்கள்.

மருத்துவரிடம் ‘ஐ லாஸ்ட் கான்ஷியஸ்னஸ்’ என்று சொல்லி, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு அழைக்கும்போது மரபுத்தொடர் எதுவும் வேண்டாம்: ‘ஹி இஸ் அன்கான்ஷியஸ்’ என்று சொல்லிவிட்டு, மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதை அடுத்த வாக்கியத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.