செல்லாக்காசும் செல்வாக்கும்

[திரையில்: கோயில் அடுப்படி, ஆவி பறக்கும் பெரிய அண்டா]

வணக்கம். காவடித் திருநாளன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால், இன்றைய மூன்று சொற்களும் ஒரே அண்டாவைச் சுற்றி நிற்கும். கேஸ் அடுப்பின் திருகு சமையல்கார அண்ணன் கையில், அது கட்டுப்பாடு. எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் கமிட்டித் தலைவர், அது அதிகாரம். மூலையில் பூசணி நறுக்கும் பாட்டிக்கு இரண்டுமே கிடையாது. ஆனால் அவர் ஆவியை மோந்து பார்த்துவிட்டு "புளி தூக்கலா இருக்கேப்பா" என்றால் போதும், அண்ணன் மறுபேச்சில்லாமல் இன்னொரு வாளி பருப்பைக் கொட்டுவார், தலைவரும் வாயைத் திறக்க மாட்டார்.

அதுதான் செல்வாக்கு. பிரித்துப் பாருங்கள், செல்கிற வாக்கு. செல்லாக்காசு என்கிறோமே, அதே 'செல்'தான். நோட்டு கடையில் செல்லுகிற மாதிரி ஒருவர் பேச்சு ஊரில் செல்லுகிறது.

கூட வரும் வினைகளைக் கவனியுங்கள். லாரி கட்டுப்பாட்டை இழக்கும். அதிகாரத்தைக் கொடுப்பார்கள், பறிப்பார்கள். (குறளின் 133 அதிகாரமும் இதே சொல்தான், அந்தக் கதை இன்னொரு நாள்.) செல்வாக்கோ வளரும், சரியும், அதை யாரும் உத்தரவு போட்டுப் பறிக்க முடியாது.

[திரையில்: நேட்டால் கரும்புத் தோட்டம்]

சரி, 1913-க்கு வருவோம், இடம் டர்பன் இருந்த நேட்டால் மாகாணம். இந்தியாவிலிருந்து வேலை ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கும் கூலிக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி, அதாவது 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் முதல் வருடச் சம்பளமோ மாதம் 10 ஷில்லிங். வரி போட்டது அரசின் அதிகாரம். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்ட முடியாது, அது கட்டுப்பாடு. காந்தியிடம் இரண்டும் இல்லை. இருந்தும் நேட்டாலின் நியூகாசல் சுரங்கத் தொழிலாளர்கள் வரியை எதிர்த்து வேலையைப் போட்டுவிட்டு அவரோடு நடந்தார்கள். நவம்பரில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், அப்புறம்தான் வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கே பரவியது!

ஆனால் ஒன்று, வரியை நீக்க அவரால் முடியாது. 1914-ல் சட்டம் போட்டு நீக்கியது தென்னாப்பிரிக்க யூனியன் அரசுதான்.