வளரும் குழந்தைக்கு எந்த வால்வு?

[காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. துணிக்கடை வாசலில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, பக்கத்தில் பாட்டி.]

குரல்: "வளர்ற புள்ளைக்கு ஒரு சைஸ் பெருசாவே எடும்மா." இந்த ரோட்டில் தீபாவளிக்குத் துணி எடுத்த எல்லாரும் கேட்ட பேச்சு இது. சட்டைக்குச் சரி. பழுதான இதய வால்வை மாற்றும்போது அப்படிச் செய்ய முடியாது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வழியில் கதவு மாதிரி இருப்பது மகாதமனி வால்வு. பிறந்த குழந்தைக்கு அது 7, 8 மில்லிமீட்டர் அகலம்தான், சட்டைப் பட்டனைவிடச் சின்னது. பெரிய வால்வைத் தைக்க அங்கே இடமில்லை. அளவாக வைத்தாலோ, குழந்தை வளரும், வால்வு வளராது.

[காட்சி: துடிக்கும் இதயத்தின் படம். சுருங்கிய வால்வுக்குள் பலூன் விரிகிறது.]

குரல்: அதனால்தான் டாக்டர்கள் முதலில், இருக்கிற வால்வையே காப்பாற்றப் பார்க்கிறார்கள். சுருங்கியிருந்தால் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் விட்டு விரிக்கலாம். கசிந்தால் தைத்துச் சரிசெய்யலாம். கொஞ்சம் கசிவு மிச்சமிருந்தாலும் அது குழந்தையின் சொந்த வால்வு, கூடவே வளரும். மாற்றுவதைச் சில வருடம் தள்ளிப்போட முடிந்தாலே பெரிய விஷயம்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால்? மெட்டல் வால்வு என்று நாம் சொல்லும் மெக்கானிக்கல் வால்வு சீக்கிரம் தேயாது. ஆனால் அதில் மிகச் சின்னதே 15 மில்லிமீட்டர். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். டெஸ்ட். மாடு, பன்றித் திசுவில் செய்த வால்வு, சின்னக் குழந்தைகளின் உடம்பில் வேகமாகச் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும்.

[காட்சி: இரண்டு வால்வுகள் அம்புக்குறியோடு இடம் மாறுகின்றன.]

குரல்: என்னை வியக்க வைப்பது ராஸ் அறுவை சிகிச்சை. 1967இல் லண்டனில் டொனால்ட் ராஸ் தொடங்கியது. பழுதான மகாதமனி வால்வை எடுத்துவிட்டு, குழந்தையின் சொந்த நுரையீரல் தமனி வால்வை அங்கே பொருத்துகிறார்கள். உயிருள்ள திசு என்பதால் அது வளரும். காலியான இடத்தில், பெரும்பாலும் இறந்தவர் தானமாகத் தந்த வால்வு. அது வளராது, பின்னால் மாற்ற வேண்டிவரும். பச்சிளம் குழந்தைக்கு இந்த ஆபரேஷனில் ஆபத்தும் அதிகம்.

2022இல் அமெரிக்காவின் டியூக் மருத்துவமனையில், தானமாகக் கிடைத்த இதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகளை எடுத்து ஒரு பச்சிளம் குழந்தைக்குப் பொருத்தினார்கள். அவை குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தன. இப்படித் தானம் கிடைப்பதுதான் அரிது.

[காட்சி: எக்கோ அறை வாசல். அம்மா கையில் மடித்த தாள்.]

குரல்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்குகிறதா, எடை ஏறவில்லையா? தள்ளிப்போடாமல் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், ஒரு தாளில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: "இந்த வால்வு எத்தனை வயசு வரைக்கும் தாங்கும், டாக்டர்? அடுத்த ஆபரேஷன் எப்போ வரும்?"