அவசரப்படாத குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையின் முன் கூட்டத்தில் நின்று ஜோதி கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகளும் விலகிய பிறகே சுடர் தெரிகிறது. 1872இல் வள்ளலார் திறந்துவைத்த அந்தச் சபையை, நமக்குள் நடப்பதன் புறவடிவமாகவே நான் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். உள்ளிருந்து வழிகாட்டும் குரல் உண்டென்பதில் எனக்கு ஐயமில்லை. முதலில் கேட்பது அந்தக் குரல்தானா என்பதில்தான் எனக்குப் பெரும் ஐயம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நான்காம் நாளே ஒருவர் முன்பணத்தோடு வந்து நிலத்தை விலைக்குக் கேட்டார். அன்றிரவு பூசை அறையில் கண்மூடி அமர்ந்தபோது, ‘உடனே விற்றுவிடு, நாளை விலை இறங்கிவிடும்’ என்று எனக்குள் தெளிவாகக் கேட்டது. ஆண்டவன் ஆணையென்றே நம்பிப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். என் மனைவி, “ஏங்க, சாமி சொன்னதென்றால் அதற்கென்ன இவ்வளவு அவசரம்?” என்று கேட்டார். நாள் தவறாமல் தியானத்தில் அமர்ந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று இரவுகள் காத்திருந்தேன். அந்தக் குரல் நாளுக்கு நாள் உரக்கப் பேசியது, கணக்குச் சொன்னது, மிரட்டியது. ஆனால் எங்கள் தோப்பை நம்பிக் குடிசை போட்டிருந்த இரண்டு குடும்பங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த விடியலில் சொல் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கூரைக்குக் கீற்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும், வெகுநேரமாக அங்கேயே அமர்ந்திருந்ததுபோல இருந்தது. கீற்று வாங்கப் போனேன். விற்பது பற்றிய பேச்சு அத்தோடு போயிற்று. சாய்ந்த மரங்களை அகற்றி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்தோம். முதல் இரண்டு போகமும் பொய்த்தன. உள்குரலைக் கேட்டால் லாபம் வரும் என்போரை நம்பாதீர்கள் என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றது: அவசரப்படுத்தும் குரலும், உங்களைப் பற்றி மட்டுமே பேசும் குரலும் திரைதான், சுடர் அன்று. ஜீவகாருண்யமே பேரின்ப வீட்டின் திறவுகோல் என்று வள்ளலார் சொன்னதை, நம்முள் எழும் குரல்களை உரசிப் பார்க்கும் உரைகல்லாகவும் கொள்ளலாம். இதைச் சிறிய காரியங்களில் பழகுங்கள்; கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓரிரவு பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் படித்துப் பாருங்கள்.

அரவிந்தரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் இடந்தரவில்லை. கல்கத்தாவுக்கு அருகே அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூருக்குச் செல் என்ற உள்ளாணை வந்ததும் ஏறக்குறைய பத்தே நிமிடங்களில் படகேறிய அவர், அங்கிருந்தபோது வந்த மற்றோர் ஆணையை ஏற்று 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் வந்திறங்கினார். அவர் காத்திருக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறையில், பெரும்பாலும் தனிமையில் கழிந்த ஓராண்டில், அந்தக் குரலோடு பழகியிருந்தவர் அவர். எனக்கோ இன்னமும் மூன்று இரவுகள் தேவைப்படுகின்றன. நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். வணக்கம்.