இருபத்தைந்து டாக்கா

நேயர்களுக்கு வணக்கம். ஏழைப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், காரணம் பணம் என்று சொல்கிறோம். எந்தப் பணம்? பள்ளிச் சம்பளம் இல்லை என்றாலும் நோட்டு இருக்கிறது, சீருடை இருக்கிறது, பரீட்சைக் கட்டணம் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வீட்டுக்கு வராமல் போகும் கூலியும் இருக்கிறது.

வங்கதேசத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1982-ல் ஷாராஸ்தி என்ற ஒரு வட்டத்தில் மட்டும் தொடங்கி, 1994-ல் கிராமப்புறம் முழுவதும் கொண்டுபோனார்கள். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை. ஆறாம் வகுப்பில் மாதம் 25 டாக்கா, பத்தாம் வகுப்பில் 60. டாக்கா என்றால் ஊர் இல்லை, அவர்கள் ஊர்க் காசு. அன்றைக்கும் அது சின்னத் தொகைதான்.

எனக்குப் பிடித்தது, அதைக் கொடுத்த விதம். காசு அப்பா கைக்குப் போகவில்லை. மாணவியின் பெயரிலேயே வங்கியில் கணக்கு. அம்மாவே வங்கி வாசலை மிதித்திராத வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தன் பெயரில் கணக்கு என்றால் யோசித்துப் பாருங்கள்! பள்ளிச் சம்பளத்தைத் தனியாக நேரே பள்ளிக்கே கட்டிவிட்டார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள். ஆக, ஒரு பெண் சேர்ந்தால் பள்ளிக்கும் வரும்படி. தலைமையாசிரியரே வீடு தேடிப் போய்ப் பேசக் காரணம் கிடைத்தது.

சும்மா கொடுக்கவில்லை. 75 சதவீதம் வருகை, 45 சதவீதம் மதிப்பெண், அப்புறம் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் எண்ணமும் இந்தத் திட்டத்தின் பிறப்பிலேயே இருந்தது. இருக்கட்டுமே, பதினான்கு வயதில் மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் 'காசு நின்றுவிடும்' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை கிடைத்ததல்லவா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயர்நிலை மாணவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் பாதியைத் தாண்டினார்கள். எல்லாம் இந்தக் காசால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சாலைகள் வந்தன, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் வந்தன.

குறைகளும் உண்டு. நிலம் வைத்திருப்பவர் மகளுக்கும் கூலிக்காரர் மகளுக்கும் ஒரே தொகை. ஆறாம் வகுப்பை எட்டாத பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஏழைப் பையன்களைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். உதவித்தொகை வாங்கிப் படித்தும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறாதவர்கள் ஏராளம். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை வங்கிக் கணக்கால் சரிசெய்ய முடியாது.

அந்த 25 டாக்கா பத்து வருடத்துக்கு மேல் 25 டாக்காவாகவே இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் விலை அப்படி இருக்கவில்லை.

வணக்கம்.