ரெண்டு கரிநெருப்பு

முன்னுக்கு வந்து இருங்கோ, வாசலடியில நிக்கிற தம்பிமாரும் வாங்கோ.

இயேசுவின்ர சீடன் பேதுரு, அவரைத் தெரியாதெண்டு மூண்டு தரம் மறுதலிச்சது, சேவல் கூவினது, வெளியில போய் அழுதது, எல்லாம் சண்டே ஸ்கூலிலயே படிச்சனாங்கள். ஆனா எனக்கு நாப்பது வயசு தாண்டித்தான் ஒரு விசயம் கண்ணில பட்டது. யோவான் சுவிசேசம் 18ஆம் அதிகாரத்தில அவர் மறுதலிக்கேக்க குளிர்காய்ஞ்சுகொண்டு நிக்கிறது கரிநெருப்புக்குப் பக்கத்தில, 21இல உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில மீன் வச்சிருக்கிறதும் கரிநெருப்பு மேலதான், புதிய ஏற்பாட்டில அந்தக் கிரேக்கச் சொல் இந்த ரெண்டு இடத்தில மட்டும்தான் வருது. டச் பே கரையில விடியக்காத்தால வலை இழுத்துப்போட்டு மீன் சுட்டுத் திண்ட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அந்தப் புகைமணம் சட்டையை விட்டு லேசில போகாது. பேதுருவுக்கு அது மூக்கில ஏறேக்க நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

நான் குடிச்சனான். மனுசி சீட்டுக்காசை அரிசி வாளிக்கு அடியில வச்சிருந்தவ, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க. அதை எடுத்தன். தவறணை வாசலில நிண்டு முழங்கையில ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டன் பாருங்கோ, அந்த ரெண்டு மூண்டு மணி அரிசி நிலத்தில விழுந்தது இப்பவும் எனக்குத் தெரியுது. அதுக்கு முதலும் பிறகும் எத்தினை சத்தியம், புதுவருசத்துக்கு ஒண்டு, லெந்துகாலத்துக்கு ஒண்டு, பிள்ளையின்ர தலையில கைவச்சு ஒண்டு. எல்லாம் "நான் இனி" எண்டுதான் தொடங்கும். பேதுருவும் அப்பிடித்தான், எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டன் எண்டவர்.

கரையில ஆண்டவர் அவரிட்ட இனிச் செய்யமாட்டன் எண்டு சத்தியம் வாங்கேல்ல, என்னில அன்பா இருக்கிறியா எண்டுதான் கேட்டவர், அதுவும் மூண்டு தரம். பேதுருவின்ர பதிலும் மாறிப்போச்சு, "நீர் அறிவீர்" எண்டார். எனக்கு உயிர் தந்தது அந்தச் சொல்தான். அண்டிரவு குசினியில மனுசிக்கு முன்னால இருந்து சீட்டுக்காசை எடுத்ததைச் சொல்லிப்போட்டு, ஆண்டவரே என்னால ஏலாது, உமக்குத் தெரியும் எண்டு மட்டும் ஜெபிச்சன். "என் கிருபை உனக்குப்போதும்" எண்ட வசனம் அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. அடுத்த நாளும் ஆசை வந்தது, பின்னேரம் ஆறு மணிக்குச் சபையில ஒரு அண்ணன் வந்து என்னோட கூட நடப்பார், தவறணை இல்லாத ரோட்டால, மாசக்கணக்கா.

ஒண்டு சொல்லோணும், கை நடுங்கிற அளவுக்குக் குடிக்கிறவை சடாரெண்டு விட்டால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அது விசுவாசக் குறைவு இல்ல. குடி மட்டுமில்ல, போனில ராவிராவாப் பார்க்கிறது, வட்டிக்காசு, வீட்டில கைநீட்டுறது, எதுவா இருந்தாலும் சரி, கூட்டம் முடிய நானும் அந்த அண்ணனும் பின்பக்க வாங்கிலில இருப்பம், லைட்டை நிப்பாட்டச் சொல்லியிருக்கிறன், வாங்கோ.