ஆறாயிரம் ரூபாய்க்குள்ள அடுப்படிப் பாத்திரம்: பெட்டி செட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[மேசை மேல ஒரு அட்டைப் பெட்டி. பிரிக்கிற கைகள்.]

வணக்கங்க. இந்தப் பெட்டி மேல "9 பீஸ்"னு பெரிசா போட்டிருக்கு. ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறேன், கூடவே எண்ணிக்கிட்டு வாங்க. தவா ஒண்ணு, கடாய் ஒண்ணு, ஃப்ரை பேன் ஒண்ணு, கைப்பிடி வச்ச சட்டி ரெண்டு. அஞ்சு ஆச்சு. மிச்சம் நாலு என்னன்னா, ரெண்டு மூடி, ஒரு நைலான் கரண்டி, ஒரு தோசைத் திருப்பி. அதாவது 9 பீஸ்ல அடுப்புல ஏறப் போறது அஞ்சுதான். அந்த அஞ்சுலயும் தினம் ஏறப் போறது எத்தனைன்னு உங்க வீட்டுச் சமையலை வச்சு யோசிங்க.

நான் தனிக்குடித்தனம் வந்த புதுசுல, ஒரு தீபாவளித் தள்ளுபடியில இதே மாதிரி ஒரு செட்தான் வாங்கினேன். தவாவும் கடாயும் மட்டும் தினமும் ஓடுச்சு. ஒன்றரை வருஷம் முடியறதுக்குள்ள தவா நடுவுல, மாவு ஊத்தற அதே இடத்துல, கோட்டிங் உரிஞ்சு வெள்ளை வெள்ளையா உலோகம் தெரிய ஆரம்பிச்சது. மத்த மூணும் பளபளன்னு அலமாரியில இருந்துச்சு. அந்தப் பணத்துக்கு ரெண்டு நல்ல பாத்திரம் வாங்கியிருந்தா இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கும். அந்த வருத்தம்தான் இந்த வீடியோ.

கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை. போன ஒரு வாரம் உங்க வீட்டுல என்னென்ன சமைச்சீங்கன்னு எழுதுங்க. நாலு பேர் இருக்கற நம்ம ஊர் வீடுன்னா பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: சோறு, பருப்பு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், பால், காபி, ராத்திரிக்கு தோசை, எப்பவாவது சப்பாத்தி. இதுக்கு மொத்தமா வேணுங்கறது ஒரு குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு இரும்பு வாணலி, அடிகனமான ஒரு சட்டி. நாலே நாலு. ஆறாயிரம் ரூபாய் கையில இருந்தா, குக்கருக்கு ரெண்டாயிரம், சட்டிக்கு ஆயிரத்து முந்நூறு, கல்லுக்கு ஆயிரம், வாணலிக்கு எழுநூறுன்னு ஒதுக்குங்க. ஐயாயிரம் ஆச்சு. மிச்ச ஆயிரத்துல தாளிக்கிற கரண்டி, ரசத்துக்கு ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம், ஒரு மண்சட்டின்னு முடிச்சுக்கலாம்.

[ஒரு மெல்லிசான எவர்சில்வர் பாத்திரம், பக்கத்துல ஒரு அடிகனமான சட்டி. ரெண்டும் கவிழ்த்து வச்சிருக்கு.]

சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் "அடிகனமான பாத்திரத்தில்"னு ஒரு வார்த்தை வரும், கவனிச்சிருப்பீங்க. பாத்திரம் வாங்கறதுல நீங்க காசு கொடுக்க வேண்டிய இடமே அந்த அடிதான். ஏன்னு சொல்றேன்.

எவர்சில்வர் சூட்டைக் கடத்தறதுல ரொம்ப மந்தம். அலுமினியம் அதை விடப் பத்துப் பதினஞ்சு மடங்கு வேகமாக் கடத்தும். அதனால மெல்லிசான எவர்சில்வர் பாத்திரத்துல பாலை வச்சா, தீ படற வளையம் மட்டும் தகதகன்னு காயும், அந்த இடத்துச் சூடு பக்கத்துக்குப் பரவாது. பால் அடி பிடிக்கறது அங்கதான். கழுவும்போது பாருங்க, கருகல் ஒரு வட்டமா இருக்கும், பர்னர் அளவுக்கே இருக்கும்.

இதுக்குத்தான் சாண்ட்விச் பாட்டம். ரெண்டு எஃகுத் தகட்டுக்கு நடுவுல ஒரு அலுமினியத் தகடு. அலுமினியம் சூட்டை அடி முழுக்கப் பரப்பிடும், சாப்பாட்டுல படறது எவர்சில்வர் மட்டும். ட்ரை-ப்ளைன்னு விக்கறதுல இதே அடுக்கு பக்கவாட்டுச் சுவர் வரைக்கும் ஏறும். நல்ல பொருள்தான், விலையும் ஏறும். சாம்பார், கூட்டு, பால், பாயசம் மாதிரி தண்ணியா இருக்கற சமையலுக்கு அடி மட்டும் கனமா இருந்தாப் போதும்.

கடையில எப்படிப் பார்க்கறது? கவிழ்த்துப் பிடிச்சு அடிப்பக்கத்தை விரல் மடக்கித் தட்டுங்க. [தட்டும் சத்தம்.] இந்த மெல்லிசு "ணங்"குனு மணி மாதிரி நீளமா ஒலிக்குது. இந்த அடிகனமானது "டொக்"குனு அடங்கிடுது, வேணுங்கறது இதுதான். அடுத்து, ஒரு ஸ்கேலை அடியில குறுக்கே வச்சுப் பாருங்க. நடுவுல வெளிச்சம் தெரியற மாதிரி வளைஞ்சிருந்தா வேண்டாம். கைப்பிடி ஆடுதான்னு ஒரு தடவை அசைச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார், நல்ல கடையில அவரே தட்டிக் காட்டுவார்.

கடையில காந்தத்தை ஒட்டிக் காட்டி "ஒட்டலை பாருங்க, இது 304 எஃகு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அதை நம்பி முடிவெடுக்காதீங்க. 304, 202ங்கறது எல்லாம் எவர்சில்வரோட தர எண்கள். 304ல குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். விலை மலிவான 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டியிருப்பாங்க. ஆனா 202லயும் காந்தம் சரியா ஒட்டாது. அதனால அந்தச் சோதனை இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. பாத்திரத்துல 304னு அடிச்சிருக்கா, பில்லுல எழுதித் தர்றாங்களான்னு பாருங்க. புளி, உப்பு போட்டுக் கொதிக்க வைக்கிற பாத்திரத்துக்கு 304 நல்லது. தட்டு, டம்ளருக்கு 202 இருந்தாப் பாதகமில்லை.

காந்தம் உதவற இடம் வேற. இண்டக்ஷன் அடுப்பு வச்சிருக்கீங்கன்னா, பாத்திரத்தோட அடியில காந்தம் கெட்டியா ஒட்டணும். ஒட்டலைன்னா அந்த அடுப்புல சூடே ஏறாது.

[குக்கர்.]

அடுத்தது குக்கர். இதுல முதல் பார்வை ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு. 2021 பிப்ரவரியிலேர்ந்து வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு இந்த முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 2347ங்கறது குக்கருக்கான தர எண். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல்.னு ஆரம்பிக்கிற ஒரு உரிம எண் இருக்கும். அதை, இந்த முத்திரையைக் கொடுக்கற அரசு அமைப்போட பி.ஐ.எஸ். கேர் செயலியில போட்டா எந்தக் கம்பெனியோட உரிமம், இப்ப செல்லுபடியாகுதான்னு வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை. நீராவி அழுத்தத்துல வேலை செய்யற பொருள், அடுப்புக்குப் பக்கத்துல நம்ம வீட்டு ஆள் நிக்கிறாங்க. இந்த ஒண்ணுல மட்டும் முத்திரை இல்லாததை எவ்வளவு சல்லிசாக் கொடுத்தாலும் தொடாதீங்க.

அலுமினியமா, எவர்சில்வரா? நிறைய பேர் கேக்கற கேள்வி. நீங்க குக்கரை எப்படிப் பயன்படுத்தறீங்கங்கறதுல இருக்கு பதில். நம்ம வீடுகள்ல அடியில தண்ணி ஊத்தி, மேல அரிசி ஒரு அடுக்குல, பருப்பு ஒரு அடுக்குலன்னு தனித்தனிப் பாத்திரத்துல வைக்கிற பழக்கம் இருக்கு. அப்படி வச்சா சாப்பாடு குக்கர்ல படவே போறதில்லை, நடுவுல தண்ணிதான். அதுக்கு எவர்சில்வர் குக்கருக்குன்னு கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அஞ்சு லிட்டர் அலுமினியக் குக்கர் தாராளம். அடித் தண்ணியில ஒரு துண்டுப் புளியோ, பிழிஞ்ச எலுமிச்சம்பழத் தோலோ போட்டீங்கன்னா உள்பக்கம் கருக்காது. சாம்பாரையோ தக்காளி சாதத்தையோ நேரா குக்கர்லயே வைக்கிறவங்க எவர்சில்வர் வாங்கிக்கங்க. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

வாங்கும்போது உங்க அடுக்குப் பாத்திரத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. உள்ள வச்சு மூடிப் பார்த்து வாங்குங்க. சமைக்கும்போது குக்கர்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது. அரிசி, பருப்பு நேரா வச்சா பாதிதான், பொங்கி வந்து ஆவித் துளையை அடைச்சிடும்.

பெயரே இல்லாம எடைக்கு விக்கிற வார்ப்பு அலுமினியப் பாத்திரங்களும் சந்தையில இருக்கு. பழைய இரும்புக் கடைச் சாமானை உருக்கி ஊத்தினதா இருந்தா அதுல காரீயம், அதாவது லெட்ங்கற நச்சு உலோகம், கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சமையலுக்கு வேண்டாம். பளபளன்னு மெருகு பூசின மண்சட்டியும் அப்படித்தான். பூச்சு இல்லாத சாதாரணச் சட்டியா எடுங்க, மீன் குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் அதை அடிச்சிக்க ஒண்ணும் இல்லை.

நான்ஸ்டிக் பத்திச் சுருக்கமா. முட்டைக்குன்னு ஒரு சின்ன ஃப்ரை பேன் வேணும்னா வாங்கிக்கங்க, செட்டா வேண்டாம். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸ் தாண்டினா சிதைய ஆரம்பிக்கும். வெறும் தவாவை முழுத் தீயில வச்சிட்டு போன் பேசப் போனா சில நிமிஷத்துல அந்தச் சூடு வந்துடும். அதனால மிதமான தீ, மரக் கரண்டி. "கிரானைட்"னு எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது புள்ளி போட்ட பூச்சுதான், கல் இல்லை.

[கரகரப்பான புதுத் தோசைக்கல். சாம்பல் நிறம்.]

இப்ப நான் ரொம்ப ஆசையாச் சொல்ல வந்த இடம். வார்ப்பிரும்புத் தோசைக்கல்.

இரும்பு சூட்டைக் கடத்தறதுல அலுமினியத்துக்குக் கிட்ட வராது. ஆனா கனம் இருக்கு பாருங்க, அதுதான் விசேஷம். நல்லாக் காஞ்ச கல் அவ்வளவு சூட்டைத் தனக்குள்ள பிடிச்சு வச்சிருக்கும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில்லுன்னு இருக்கற மாவை ஊத்தினாலும் கல்லோட சூடு சட்டுன்னு இறங்காது. மெல்லிசுத் தவாவுல இறங்கிடும், தோசை வெளுத்துப் போகும். கல்லுல ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி சிவக்கும். அதனால வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க. கனமா, மேற்பரப்புல குழி, வெடிப்பு இல்லாம இருக்கணும்.

புதுக் கல்லுல அன்னிக்கே தோசை சுடக் கூடாது, பழக்கணும். முதல்ல தேங்காய் நாரும் சோப்பும் போட்டுக் கழுவுங்க. கறுப்பாத் தண்ணி வரும், பயப்படாதீங்க, அது வார்ப்புத் தூளும் எண்ணெயும். அப்புறம் வடிச்ச கஞ்சியிலயோ அரிசி கழுவின தண்ணியிலயோ ஒரு ராத்திரி முழுக்க ஊற வைங்க. காலையில தேய்ச்சுக் கழுவி, ஈரம் துளியும் இல்லாம அடுப்புல வச்சுக் காய விடுங்க. நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன், பாதியா நறுக்கின வெங்காயம். வெங்காயத்தை முள்கரண்டியில குத்தி, கல் முழுக்க எண்ணெயைத் தேயுங்க. [புகை எழுகிறது.] லேசாப் புகையும். அணைச்சு ஆற விடுங்க. மறுபடி துடைச்சு, மெல்லிசா எண்ணெய், மறுபடி சூடு. மூணு நாள், நாளுக்கு ரெண்டு மூணு தடவை. எண்ணெய் சூட்டுல இறுகி இரும்போட ஒட்டி ஒரு மெல்லிய படலமாயிடும். நான்ஸ்டிக் பூச்சு உரிஞ்சா போச்சு, இது தேஞ்சா மறுபடி நாமளே ஏத்திக்கலாம்.

இரும்பு வாணலிக்கும் இதே பழக்கம்தான். அதுல பொரியல், வறுவல், கறிவேப்பிலை தாளிக்கிறது எல்லாம் அருமையா வரும். புளி ஊத்தினது மட்டும் கறுத்துப் போகும், வாயில இரும்பு ருசி அடிக்கும். செஞ்சதை உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. கழுவினதும் துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வைங்க.

இன்னொண்ணு, சப்பாத்தியை தோசைக்கல்லுல போடாதீங்க. காஞ்ச மாவு எண்ணெயை இழுத்துக்கும், மறுநாள் தோசை ஒட்டும். சப்பாத்திக்கு ஒரு சாதாரண இரும்புத் தகட்டுத் தவா போதும், மிச்ச ஆயிரத்துலயே வரும்.

[நாலாவது நாள். அதே கல், இப்போ கறுப்பு.]

இது நாலாவது நாள். தண்ணி தெளிச்சுப் பாக்கறேன். சுர்ருங்குது, துளி உருண்டு ஓடுது. தீயைக் குறைச்சாச்சு. முதல் தோசை... ஓரம் ஒட்டுது, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கு. அது வழக்கம்தான். வெங்காயத்தால ஒரு தடவை துடைச்சு ரெண்டாவது. பாதி கிளம்புது, நடுவுல பிடிக்குது. மறுபடி துடைக்கிறேன். மூணாவது. சுத்தி எண்ணெய் விட்டாச்சு, ஓரம் தானா மேல எழும்புது பாருங்க. திருப்பியை அடியில விட்டேன், அவ்வளவுதான், முழுசா வந்துடுச்சு.